ஆளுக்கு அரைக் கட்டை

எழுபத்தேழாம் வருஷம் செப்டம்பரில் மெட்ராஸிலிருந்து வந்த ஒரு கடிதத்தால் செகந்திராபாத்தை ஒட்டிய எங்கள் குஷாய்குடா குவார்ட்டர்ஸில் பதினோரு பெண்களுக்குத் தூக்கம் போயிற்று. தொழிற்சாலைக் கலை மன்றத்தின் செயலாளர் கோவிந்தராஜன், பாடகி கனகவல்லியைக் கச்சேரிக்கு அழைத்து எழுதியிருந்தார். ரேடியோவில் பாடுகிறவர், ஊர் ஊராகக் கச்சேரி செய்கிறவர், நமக்கெல்லாம் எங்கே வரப்போகிறார் என்றுதான் நினைத்தோம். அவரோ டிசம்பரில் வருகிறேன் என்று பதில் போட்டு, ஒரு நிபந்தனையும் சேர்த்திருந்தார். கச்சேரியின் கடைசி அரை மணி நேரம் உள்ளூரில் பாடுகிறவர்கள் தம்மோடு மேடையில் உட்கார்ந்து பாட வேண்டும். எந்த ஊரானாலும் அவருக்கு அதுதான் வழக்கமாம்.

உள்ளூரில் பாடுகிறவர்கள் என்றால் நாங்கள்தான். செவ்வாய், வெள்ளி சாயங்காலம் ஆறரை மணிக்கு எங்கள் வீட்டு ஹாலில் கூடிப் பாடுகிற பெண்கள். என் பெயர் வேதா. கோஷ்டிக்கு நான் தலைவி என்று யாரும் சொன்னதில்லை. ஹால் என்னுடையது, காபி என்னுடையது, அதனால் தலைவலியும் என்னுடையது.

கனகவல்லி கல்யாணி ராகத்தில் ஒரு கீர்த்தனையை ஸ்வரப்படுத்திக் கைப்பட எழுதி அனுப்பியிருந்தார். கீழே ஒரு வரி: 'நான் ஐந்து கட்டையில் பாடுவேன். அதிலேயே பழகிக்கொள்ளுங்கள்.' சுருதியின் உயரத்தை இப்படிக் கட்டைக் கணக்கில்தான் சொல்வார்கள். ஐந்து என்பது எங்களுக்குக் கொஞ்சம் உயரம். அதற்கு முன்பெல்லாம் பகவதி அக்கா ஹார்மோனியத்தில் எங்கள் தொண்டைக்கு எட்டிய கட்டையை அழுத்துவார், நாங்கள் பாடுவோம். அவ்வளவுதான் எங்கள் சங்கீதம்.

பகவதி அக்கா தொழிற்சாலையில் டைப்பிஸ்ட். வெள்ளைக்காரன் காலத்திலேயே செகந்திராபாத்துக்கு வந்துவிட்ட குடும்பம். லோத்குண்டாவில் வீடு. செவ்வாயும் வெள்ளியும் ஆபீஸ் முடிந்து நேரே எங்கள் வீட்டுக்கு வந்து, ஏழே முக்கால் பஸ்ஸைப் பிடித்துப் போவார். அவருடைய ஹார்மோனியம் எங்கள் வீட்டு மூலையிலேயே இருக்கும்.

கடிதம் வந்த பத்தாம் நாள், என் வீட்டுக்காரர் உமாசங்கர் ஒரு பெட்டியோடு வந்தார். அவர் தொழிற்சாலையில் பரிசோதனைப் பிரிவு எஞ்சினியர். டிரான்சிஸ்டர்களை வைத்து அவரே கட்டிய எலக்ட்ரானிக் சுருதிப் பெட்டி. ப்ளக்கைச் சொருகினால் ஐந்து கட்டையில் ஸ வும் ப வும் ரீங்காரமிடும். வேறு கட்டைக்கு மாற்ற வழி இல்லை, ஐந்துக்கென்றே செய்தது. கோவிந்தராஜன் சாருக்குத் தலைகால் புரியவில்லை. 'தம்புரா கொண்டுவரத் தேவையில்லை, எங்களிடம் எலக்ட்ரானிக் சுருதி இருக்கிறது' என்று மெட்ராஸுக்கு அன்றே எழுதிப் போட்டுவிட்டார். ஜெனரல் மேனேஜர் கையால் பெட்டியை மேடையில் முடுக்குவது என்றும் முடிவாயிற்று.

நாங்கள் பெட்டியை வைத்துப் பாடத் தொடங்கினோம். ஐந்து கட்டை இவ்வளவு சுலபமா என்று எங்களுக்கே ஆச்சரியம். சரணத்தில், பாட்டின் உச்சியான மேல் பஞ்சமத்தில் நிற்க வேண்டிய இடத்தில்கூட யாருக்கும் தொண்டை அடைக்கவில்லை. எல்லாம் சாதகத்தின் பலன் என்று ஒருவரை ஒருவர் மெச்சிக்கொண்டோம்.

தீபாவளிக்கு முந்திய ஞாயிறு. விடுமுறை என்பதால் ஐந்து மணிக்கே கூடினோம். ஒரு கஷ்டமான சங்கதியைச் சொல்லிக்கொடுக்க பகவதி அக்கா மூலையில் கிடந்த ஹார்மோனியத்தை எடுத்துப் பெட்டியோடு சேர்த்து வாசித்தார். முதலில் இரண்டும் சேர்ந்தே போயின. அன்றைக்கு எங்கள் தொண்டைதான் கொஞ்சம் முரண்டு பிடித்தது. ஆறு மணி தாண்டியதும் அக்கா துருத்தியை நிறுத்தினார்.

"வேதா, சுருதி இறங்குது."

"எங்கே இறங்கறது அக்கா?"

"பெட்டி இறங்குதும்மா. என் கட்டையோட சேரல. கேட்டுப் பாரு."

நான் கேட்டேன். இறங்கித்தான் இருந்தது. என் காதுக்கு அது நன்றாகவே தெரிந்தது. ஆனால் பக்கத்து அறையில் என் வீட்டுக்காரர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பத்துப் பெண்கள் என் முகத்தையே பார்த்தார்கள். "எனக்கு ஒண்ணும் தெரியலையே அக்கா" என்று சொல்லிவிட்டேன். இப்போது நினைத்தாலும் முகம் சுடுகிறது.

இவர் அதோடு விட்டாரா? மறுநாள் பெட்டியையும் ஹார்மோனியத்தையும் ஸ்கூட்டரில் கட்டி லேபுக்குக் கொண்டுபோனார். செவ்வாய்க்கிழமை, ரப்பர் ஸ்டாம்ப் அடித்த பரிசோதனைச் சான்றிதழோடு வந்து எல்லோர் முன்னாலும் வாசித்தார். பெட்டி, வினாடிக்கு முந்நூற்றுத் தொண்ணூற்றிரண்டு சைக்கிள், மிகச் சரி. ஹார்மோனியம், முந்நூற்று எண்பத்தெட்டு, நாலு சைக்கிள் குறைவு. "மிஷின் பொய் சொல்லாது. ரீட் பழசாயிடுத்து, வேறொண்ணுமில்லை" என்று சமாதானமாகத்தான் சொன்னார். சுருதிக்குச் சான்றிதழ் வாங்குகிற வீடு உலகத்திலேயே எங்கள் வீடு ஒன்றாகத்தான் இருக்கும்.

பகவதி அக்கா எழுந்தார். என்னை ஒரு பார்வை பார்த்தார். ஹார்மோனியத்தைப் பழைய புடவையில் சுற்றித் தூக்கிக்கொண்டு ஏழே முக்கால் பஸ்ஸில் போனவர், பிறகு வரவே இல்லை.

டிசம்பரில் ஒரு சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆடிட்டோரியத்தில் ஒத்திகை. மறுநாள் கச்சேரி. கனகவல்லி நாற்பது வயதுக்காரர், அலட்டல் இல்லாதவர். எல்லோர் பெயரையும் கேட்டுக்கொண்டு, என்னைத் தம் பக்கத்தில் உட்காரச் சொன்னார். மிருதங்கம் வாசிக்கும் கிட்டு ஒரு கூழாங்கல்லால் தட்டித் தட்டி வாத்தியத்தைச் சுருதி சேர்த்தார். என் வீட்டுக்காரர் பெட்டியின் பக்கத்தில் கைகட்டி நின்றுகொண்டிருந்தார், பெண்ணுக்குக் கல்யாணம் நடத்துகிற தகப்பன் மாதிரி.

பெட்டி ஒலித்தது. ஸ பிடித்த கணமே எனக்குத் தெரிந்துவிட்டது. இது நாங்கள் பழகிய ஸ இல்லை. எங்கேயோ உயரத்தில் இருந்தது. பல்லவி எப்படியோ தேறியது. சரணத்தில் மேல் பஞ்சமத்துக்குப் போகிற இடத்தில் பதினோரு தொண்டையும் ஒன்றாகக் கீச்சிட்டு நின்றன. திரும்பப் பாடினோம், திரும்பக் கீச்சிட்டது. மூன்றாம் தடவை எனக்கு வெறும் காற்றுதான் வந்தது.

"பதட்டம்" என்றார் கோவிந்தராஜன் சார். "எல்லாம் பதட்டம்."

கனகவல்லி யோசித்தார். "நல்லாத்தான் பாடம் பண்ணியிருக்கீங்க. ஒண்ணு செய்வோம். நாளைக்கு நீங்க பல்லவி மட்டும் சேர்ந்துக்குங்க. மத்தது நான் பாத்துக்கிறேன்" என்றார். அவர் அன்பாகத்தான் சொன்னார். அந்த அன்புதான் எங்களைச் சுருட்டிப் போட்டது. எங்களில் இளையவள் ருக்மிணி அங்கேயே முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கோவிந்தராஜன் சார் இன்னும் ஒரு படி போய், "பேசாம முன்வரிசையில உக்காந்து தாளம் போட்டாக்கூட அழகாத்தான் இருக்கும்" என்றார். மூன்று மாசமாகச் சமையலை முடித்துவிட்டு ஓடிவந்து பாடியது முன்வரிசையில் தாளம் போடவா?

எனக்குக் காரணம் புரிந்துவிட்டது. அப்போதும் வாய் திறக்கவில்லை. இரண்டாவது தடவையாக.

சாயங்காலம் வரை வீட்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். குழம்பில் உப்பை இரண்டு தடவை போட்டேன். ஏழு மணிக்குப் பெட்டியை எடுத்து வந்து ஹாலில் ப்ளக்கைச் சொருகினேன். எங்கள் பக்கம் ஆறு மணிக்கு மேல் வோல்டேஜ் விழுந்துவிடும். சுற்றியிருக்கிற பம்பெல்லாம் ஓடும், எல்லார் வீட்டிலும் விளக்கு எரியும், பல்பு மஞ்சளாகி ஃபேன் தள்ளாடும். இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். தெரிந்த விஷயத்தை யார் யோசிக்கிறார்கள்?

"கொஞ்சம் இங்கே வாங்கோ" என்றேன்.

இவர் சாப்பிட்ட கையோடு வந்தார்.

"காலம்பர ஆடிட்டோரியத்துல கேட்ட சுருதியும் இதுவும் ஒண்ணா? நன்னா கேட்டுட்டுச் சொல்லுங்கோ."

அவர் கேட்டார். பல்பைப் பார்த்தார். கையைக்கூட அலம்பாமல் மீட்டரைக் கொண்டுவந்து ப்ளக்கில் வைத்துப் பார்த்தார். நூற்று அறுபத்தைந்து வோல்ட். அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"லேப்ல இருநூத்து முப்பது, வேதா. அங்கே ஸ்டெபிலைசர் இருக்கு. ஆடிட்டோரியத்துக்கும் ப்ளான்ட் லைன். இங்கே வந்து நான் ஒரு நாள்கூட அளந்து பாக்கலையே."

"ஒரு முழுக் கட்டை இறங்கியிருக்கு. மூணு மாசமா நாங்க நாலு கட்டையில பாடியிருக்கோம்."

"ஒனக்கு எப்போ தெரியும்?"

"பகவதி அக்கா சொன்ன அன்னிக்கே."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். "சொல்லியிருக்கலாமே" என்றார் சின்னக் குரலில். அதற்குப் பதிலாக நாலு அறை அறைந்திருக்கலாம்.

இருவரும் ஸ்கூட்டரில் கெஸ்ட் ஹவுஸுக்குப் போனோம். கனகவல்லி வராந்தாவில் கிட்டுவோடு பேசிக்கொண்டிருந்தார். இவரே நடந்ததைச் சொன்னார், சான்றிதழ் உட்பட. கிட்டு வாய்விட்டுச் சிரித்தார். கனகவல்லி சிரிக்கவில்லை.

"அப்ப தப்பு உங்க தொண்டையில இல்ல" என்றார் என்னைப் பார்த்து. "கிட்டு, நாலு கட்டைக்கு இறக்க முடியுமா?"

"அஞ்சுக்குக் கட்டின மிருதங்கம்மா இது. வேற கொண்டு வரலியே. அரை இறக்கலாம். அதுக்குக் கீழ போனா நாதம் செத்துடும்."

கனகவல்லி என் பக்கம் திரும்பினார். "கடைசி அரை மணிக்கு நான் அரைக் கட்டை இறங்குறேன். நீங்க அரைக் கட்டை ஏறுவீங்களா?"

ஒரே ராத்திரியில் ஏற முடியுமா என்று எனக்குத் தெரியாது. "ஏறறோம்" என்றேன்.

"சரி, நாலரைக்கு சுருதி? இந்தப் பெட்டி அஞ்சைத் தவிர வேற பேசாதுங்கறீங்க. உங்களை நம்பித் தம்புராவும் எடுத்து வரல. ஊர்ல ஹார்மோனியம் ஏதாவது இருக்கா?"

இவர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். "லோத்குண்டாவில ஒண்ணு இருக்கு" என்றேன்.

ஞாயிறு காலை இரண்டு பஸ் மாறி லோத்குண்டா போனேன். இவர் கூட வருகிறேன் என்றார், நான்தான் வேண்டாம் என்றேன். பகவதி அக்காவின் வீடு ராணுவ வேலியை ஒட்டிய கடைசி வரிசை. கதவைத் திறந்தவர் உள்ளே கூப்பிடவில்லை.

"கைக்கு வந்தே?" என்றார், ஏன் வந்தாய் என்பதை ஊர் உருது கலந்து.

சொன்னேன். வோல்டேஜ், நாலு கட்டை, ஒத்திகையில் கீச்சிட்டது, எல்லாம். அவர் நிலையில் சாய்ந்தபடி கேட்டார்.

"என் ஹார்மோனியப் பெட்டி நாலு சைக்கிள் கம்மிதாம்மா. அது காலைலயும் அதே கம்மி, ராத்திரியும் அதே கம்மி. உன் புருஷன்கிட்ட சொல்லு."

"சொல்றேன் அக்கா."

"அவர் மேல எனக்குக் கோவம் இல்ல. மிஷின்காரர், மிஷின நம்பினாரு. நீ சொல்லு. அன்னிக்கி உனக்குக் கேட்டுச்சா, இல்லியா?"

தெருவில் பால்காரன் மணியடித்துக்கொண்டு போனான். அவன் போகிற வரை நின்றேன்.

"கேட்டுது அக்கா."

"ஹவ், ஆமா. எனக்குத் தெரியும். உன் முகத்துலயே தெரிஞ்சுது. பத்துப் பேர் முன்னால என்னைக் காது கெட்டவளாக்கிட்டேல்ல?"

நான் அழுதேன். அவர் தேற்றவில்லை. உள்ளே போனார், கதவு திறந்தே இருந்தது. போகச் சொல்கிறாரா, இருக்கச் சொல்கிறாரா என்று தெரியாமல் வாசலில் நின்றேன். கடைசியில் புடவை சுற்றிய ஹார்மோனியத்தோடு வந்து என் கையில் கொடுத்தார். கனத்தது.

"நீங்க வரலையா?"

"இத வாசிக்க உங்கள்ல யாருக்குத் தெரியும்? செருப்பு மாட்டிட்டு வரேன், நில்லு."

ஆடிட்டோரியத்தில் பகல் முழுக்க நாலரைக் கட்டையில் பாடினோம். மேல் பஞ்சமம் ஒரு தடவை வந்தது, ஒரு தடவை வரவில்லை. மிளகு, கற்கண்டு, வெந்நீர் என்று ஆளுக்கொரு வைத்தியம் சொன்னார்கள். ஐந்து மணிக்கு ஜெனரல் மேனேஜர் வந்து, "எங்கே உமாசங்கர், உங்க பெட்டி?" என்று கேட்டார். இவர் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "அதுல ஒரு கோளாறு சார். என் தப்புதான். சரி பண்ணிண்டு அப்புறம் காட்டறேன்" என்றார். எனக்கு அவர் மேல் அப்படி ஒரு பிரியம் வந்தது, என் மேல் அவ்வளவுக்கவ்வளவு வெட்கமும்.

கச்சேரி தொடங்கியது. முதல் இரண்டு மணி நேரம் கனகவல்லி ஐந்து கட்டையில் பாடினார், பகவதி அக்காவின் ஹார்மோனியம்தான் சுருதி. நாலு சைக்கிள் குறைவு யார் காதையும் உறுத்தவில்லை. பிறகு கனகவல்லி சபையைப் பார்த்து, "இப்ப நாங்க எல்லாரும் சேர்ந்து பாடப் போறோம், கொஞ்சம் பொறுங்க" என்றார். கிட்டு கூழாங்கல்லை எடுத்து மிருதங்கத்தின் சுருதியைத் தட்டித் தட்டி இறக்கினார். அந்த ஐந்து நிமிஷமும் ஹாலில் எழுநூறு பேர் சும்மா காத்திருந்தார்கள். பதினோரு பேர் மேடை ஏறினோம். என் உள்ளங்கை ஈரமாகி நோட்டுப் புத்தகத்தில் மை பரவியது.

பல்லவி நன்றாக எழுந்தது. அனுபல்லவியும் போயிற்று. சரணத்தின் முதல் வரியில் என் காதுக்கு அது தெரிந்தது. நாங்கள் இறங்கிக்கொண்டிருந்தோம். மூன்று மாசம் பழகிய தொண்டை, வீட்டுக்குத் திரும்புகிற மாடு மாதிரி, நாலு கட்டையைத் தேடிப் போய்க்கொண்டிருந்தது. மயிரிழை, அப்புறம் இன்னொரு மயிரிழை. ருக்மிணிக்குத் தெரியவில்லை, மற்றவர்களுக்கும் தெரியவில்லை. கண்ணை மூடி உருகிப் பாடுகிறார்கள். இன்னும் இரண்டு வரியில் மேல் பஞ்சமம். இப்படியே போனால் கனகவல்லி ஒரு சுருதி, நாங்கள் ஒரு சுருதி என்று எழுநூறு பேர் முன்னால் பல்லிளித்து நிற்போம்.

பகவதி அக்கா துருத்தியை வேகமாக அழுத்தினார். என்னைப் பார்த்தார். அன்றைக்குப் பார்த்த அதே பார்வை.

வரி முடிந்தது. அடுத்த வரியை எடுக்க வேண்டிய இடத்தில் நான் எடுக்கவில்லை. கையைத் தூக்கி, முழுத் தொண்டையில், தனியாக, "ஸ..." என்று பாடினேன். பாட்டின் நடுவில், யாரும் கேட்காமல், பட்டிக்காட்டுத்தனமாக. பெண்கள் திடுக்கிட்டு நிறுத்தினார்கள். முன்வரிசையில் கோவிந்தராஜன் சார் தலையில் கை வைப்பது தெரிந்தது. என் குரல் நடுங்கியது, ஆனால் நாலரையில்தான் இருந்தது. விடாமல் பிடித்துக்கொண்டேன்.

கனகவல்லி என் பக்கம் திரும்பக்கூட இல்லை. நான் பிடித்த ஸ வின் மேலேயே ஏறி நின்று, அதிலிருந்து கல்யாணியை ஸ்வரமாக உதிர்க்கத் தொடங்கினார், ஏற்கெனவே பேசிவைத்துக்கொண்ட மாதிரி. கிட்டு தலையாட்டிக்கொண்டே கூடப் போனார். நான் இடது கையால் மற்றவர்களுக்குச் சைகை காட்டினேன். ருக்மிணி முதலில் சேர்ந்தாள், அப்புறம் ஒவ்வொருவராக. பதினோரு பேரும் அந்த ஒரே ஸ வில் வந்து நிற்கிற வரை கனகவல்லி எங்களுக்காகச் சுற்றிக்கொண்டே இருந்தார். பிறகு என் முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த வரியை எடுத்தோம்.

மேல் பஞ்சமம் வந்தது. யார் தொண்டையும் கீச்சிடவில்லை என்று சொன்னால் பொய். என்னுடையது கீச்சிட்டது, ஸ வைப் பிடித்த பிடியில் தொண்டை கட்டிவிட்டது. மற்ற பத்துப் பேரும் கனகவல்லியோடு ஒரே குரலாக அங்கே நின்றார்கள். நான் வெறுமே வாயசைத்தேன். கண் நிறைந்துவிட்டது.

கைதட்டல் ஓய்ந்ததும் கனகவல்லி எழுந்து பகவதி அக்காவைக் கும்பிட்டார். திரை விழுந்த பிறகு அக்கா ஹார்மோனியத்தைப் புடவையில் சுற்றிக்கொண்டிருந்தார். நான் போய் எதிரில் உட்கார்ந்தேன். மன்னிப்பு என்று தொடங்கினேன், குரலே எழும்பவில்லை.

"நக்கோ, பேசாதே. தொண்டை போயிருக்கு" என்றார். முடிச்சை இறுக்கினார், ஹார்மோனியத்தை என் பக்கம் நகர்த்தி வைத்தார். "உன் வீட்டு மூலையிலயே இருக்கட்டும். செவ்வாக்கிழமை வரேன்."